வடிகால் முதலில், புல் பிறகு: தேவர்சோலைப் புதுவீடுகளும் செயற்கைப் புல்லும்

புதுவீடு கட்டி முடித்த பிறகு வாசலில் மிஞ்சிக் கிடக்கும் சிவந்த சேற்றை என்ன செய்வது? தேவர்சோலையில் வீடு கட்டுகிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. கூடலூரிலிருந்து பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊர். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை ஓய்வதில்லை. அந்த நான்கு மாதமும் புதுவீட்டு முற்றத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும். செயற்கைப் புல் விற்பவர்களின் பேச்சு எடுபடுவது இந்த நேரத்தில்தான். களிமண்ணில் நல்ல புல் வராது, ரோலை விரித்தால் ஒரே நாளில் பச்சை, சேறு கிடையாது, வெட்டுகிற வேலையும் கிடையாது என்கிறார்கள்.

இதை நான்கு கேள்விகளால் சோதிக்கலாம். விரித்த பிறகு மழைநீர் எங்கே போகும்? சொன்ன நன்மைகள் இந்த ஊர் மழையில் கிடைக்குமா? ஆயுள் முடிந்ததும் அந்தப் பொருள் என்ன ஆகும்? அதே செலவையும் உழைப்பையும் உயிருள்ள புல்லுக்குக் கொடுத்தால் விளைவு எப்படி இருக்கும்? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

எந்தக் குறைக்குப் பிறந்த பொருள்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. முதலில் அங்கே இருந்தது இயற்கைப் புல். கூரையின் ஒளிபுகும் பலகைகள் வழியே வந்த வெளிச்சத்தில் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட்டார்கள். அந்தப் பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெயில் குறைந்து புல் செத்தது. 1966-இல் மான்சாண்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கத்திலிருந்து வந்தது. பத்தே ஆண்டுகளில், 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில், ஹாக்கியும் செயற்கைத் தளத்துக்கு மாறியது. புல்தரையில் பழகிய இந்திய அணி அந்த முறை ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் இன்னொரு சான்று. பாலைவன நகரம் அது. தண்ணீரைக் காப்பாற்ற, அலங்காரத்துக்கு மட்டும் வளர்க்கப்படும் புல்லை அகற்றச் சொல்லி 2021-இல் அங்கே சட்டமே வந்தது. வெளிச்சம் இல்லாத இடம், தண்ணீர் இல்லாத இடம், நாள் முழுக்க பூட்ஸ் கால்கள் ஓடும் மைதானம் ஆகிய மூன்று இடங்களிலும் செயற்கைப் புல்லுக்கு நியாயம் உண்டு. இயற்கைப் புல் வாழ முடியாத இடத்துக்கு அது பதில்.

கூடலூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பக்கத்துத் தேவாலா தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்று. இங்கே வேலியோரம், சாலையோரம், தேயிலைச் செடிகளின் இடுக்கு என்று யாரும் நடாமலே புல் வளர்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு முற்றத்தில் மட்டும் புல் பிடிக்கவில்லை என்றால், அந்த முற்றத்துக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

களிமண் மீது சுமத்தப்படும் பழி

களிமண் எல்லாம் ஒன்றல்ல. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இருக்கும் களிமண் கனிமம் தண்ணீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் எதை விரித்தாலும் ஆண்டுக்கொரு முறை அலை அலையாகத் தூக்கும். களிமண்ணைப் பற்றிய பொதுவான எச்சரிக்கைகள் பெரும்பாலும் இந்த வகையை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை.

தேவர்சோலை மண் வேறு. இது மழையில் பல்லாயிரம் ஆண்டுகள் கரைந்து கழிந்த செம்புறை மண். கயோலினைட் என்ற, அதிகம் உப்பாத களிமண் கனிமமும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் இதில் மிகுதி. கலைக்கப்படாத நிலையில் இந்த மண் சிறு சிறு கட்டிகளாகச் சேர்ந்து, நடுவே துளைகளோடு இருக்கும். வேரும் மண்புழுவும் இலைமக்கும் அந்தத் துளைகளைத் திறந்தே வைக்கின்றன. தண்ணீர் தேங்கும் மண்ணைத் தேயிலை தாங்காது. அப்படியிருக்க, இந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டாகத் தேயிலையும் காப்பியும் வளர்ந்து வருவதே, இதற்குத் தண்ணீரை வடிக்கும் திறன் உண்டு என்பதற்குச் சான்று.

அப்படியானால் புதுவீட்டு முற்றத்தில் மட்டும் தண்ணீர் ஏன் நிற்கிறது? சரிவான இடத்தில் வீடு கட்ட, மேல்பக்கத்தை ஜேசிபியால் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி நிரவுகிறோம். வளமான மேல்மண் அடியில் புதைகிறது, அல்லது லாரியில் போய்விடுகிறது. அடியிலிருந்த கட்டிக் களிமண் மேலே வருகிறது. அதன் மேல் மாதக்கணக்கில் செங்கல் லாரியும் கலவை இயந்திரமும் நிற்கின்றன. சிமென்ட் பால் ஊறி இறங்குகிறது. உடைந்த ஓடும் கல்லும் மண்ணுக்குள் போகின்றன. இவ்வளவும் சேர்ந்து மண்ணின் துளைகளை அடைக்கின்றன. வெட்டிய பக்கம் கல் போல இறுகியிருக்க, நிரப்பிய பக்கம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது. ஒரே முற்றத்துக்குள் இரண்டு விதத் தரை.

நோய் கட்டுமானத்தால் வந்தது. மண்ணின் பிறவிக் குணத்தால் வந்ததன்று. இதை முதலில் பிரித்துப் பார்க்காமல் செய்யும் எந்தச் சிகிச்சையும், செயற்கைப் புல்லானாலும் உயிருள்ள புல்லானாலும், பயன் தராது.

ரோலுக்குக் கீழே நடப்பது

செயற்கைப் புல்லை நேர்மையாக அமைக்கும் முறை இது: மேலே மூன்று நான்கு அங்குல மண்ணை எடுக்க வேண்டும். மண்ணும் கல்லும் கலக்காமல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். நான்கு அங்குலத்துக்கு ஜல்லி, அதன் மேல் சிப்ஸ், கிரஷர் தூள் போட்டு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். களிமண் என்றால் துளையிட்ட குழாய் ஒன்றை ஜல்லிக்குள் பதித்து வெளியே கொண்டுபோக வேண்டும். பிறகுதான் ரோல், இணைப்பு நாடா, பசை, நார்களை நிமிர்த்தி வைக்கும் சிலிகா மணல். இவற்றில் எது குறைந்தாலும் முதல் மழைக்காலம் காட்டிக்கொடுக்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 500 சதுர அடி முற்றத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு அங்குல ஜல்லிக்கு, இறுக்கத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய இரண்டு யூனிட் கல் வேண்டும். அந்தக் கல் படுகையின் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் அது பிடிக்கக்கூடிய தண்ணீர் 1600 லிட்டர்தான். மழையாகச் சொன்னால் சுமார் 34 மில்லிமீட்டர். தேவாலா, கூடலூர்ப் பக்கம் பருவமழை உச்சத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது புதிதல்ல. அன்று அந்த முற்றத்தில் மட்டும் விழுவது சுமார் 4600 லிட்டர். 1000 சதுர அடிக் கூரையின் தண்ணீரும் முற்றத்திலேயே விழுந்தால் இன்னொரு 9300 லிட்டர். ஜேசிபி மிதித்து இறுகிய களிமண் மணிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் குடிக்காது. அப்படியென்றால் ஜல்லிப் படுகை பகல் முடிவதற்குள் நிரம்பிய தொட்டியாகிவிடும்.

சமவெளியில் இதன் விளைவு, மிதித்தால் சளக்கென்று தண்ணீர் பீறிடும் ஒரு பச்சை விரிப்பு. மலைச்சரிவில் விளைவு இதைவிடக் கடுமை. தேங்கிய தண்ணீர் நிரப்பிய மண்ணுக்குள் மெல்ல இறங்கும். மண் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறினால் அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளரும். கீழே தடுப்புச்சுவர் இருந்தால், நீர் கசிந்து வெளியேறத் துளைகள் இல்லாதபோது முழு எடையும் சுவரின் முதுகில் விழும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஆயின என்பதை இந்த வட்டாரத்துக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதே ஆண்டு கூடலூரின் கோக்கால் பகுதியில் வீடுகள் விரிசல் விட்டதையும் பார்த்தோம். ஒரு முற்றத்து விரிப்பை அந்தப் பேரிடரோடு ஒப்பிடுவது தவறு, நான் ஒப்பிடவில்லை. ஆனால் சரிவில் தண்ணீரைத் தேக்கி வைக்காதே என்ற விதி பெரிய மலைக்கும் சிறிய முற்றத்துக்கும் ஒன்றே.

எனவே முதல் கேள்விக்கான விடை: குழாய் வைத்து, வாட்டம் பார்த்து, கூரைத் தண்ணீரைத் தனியே பிரித்து, எல்லாவற்றையும் ஊர்க் கால்வாய் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் செயற்கைப் புல் நிற்கும். இல்லாவிட்டால் நிற்காது. வேலை செய்வது குழாயும் ஜல்லியும். பாராட்டு மட்டும் மேலே தெரியும் ரோலுக்குப் போகிறது.

சேறு, அட்டை, வழுக்கல்

செயற்கைப் புல்லின் பக்கம் இருக்கும் நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சேறு இருக்காது என்பது உண்மை. மண் வெளியே தெரியாததால் வீட்டுக்குள் செம்மண் கால்தடம் வராது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் இது சிறிய நன்மை அல்ல. புழுவைத் தேடிக் காட்டுப்பன்றி முற்றத்தைக் கிளறிப் போடும் தொல்லை உயிருள்ள புல்லுக்கு உண்டு. மழையில் வாரத்துக்கு வாரம் வளரும் புல்லை வெட்ட ஆள் கிடைப்பதும் எளிதல்ல.

அட்டை வராது என்பதை மட்டும் ஏற்க முடியாது. அட்டை ஈரத்தையும் நிழலையும் இலைக்குப்பையையும் தேடுகிறது. மழைக்காலத்தில் செயற்கைப் புல்லின் நார்களுக்கிடையே ஈரம் காய்வதில்லை. பலா இலையும் சில்வர் ஓக் இலையும் விழுந்து அதன் இடுக்கில் மக்கும். வேலியோரப் புதரை வெட்டி, இலையைக் கூட்டி, ஓரத்தில் ஜல்லிப் பட்டை போட்டால் அட்டை குறையும். அதை எந்தப் புல்லோடும் செய்யலாம்.

பராமரிப்பே இல்லை என்பதும் இந்த ஊருக்குப் பொருந்தாது. மழையில் சுவரிலும் ஓட்டிலும் படரும் பாசி, பிளாஸ்டிக் நார்மேல் மட்டும் படராமல் இருக்காது. பாசி படிந்த செயற்கைப் புல் வழுக்கும். இலைத்தூளும் மண்தூசும் நார்களுக்கடியில் படிந்து, அடித்துணியின் வடிகால் துளைகளை அடைக்கும். அந்தப் படிவில் காற்று கொண்டுவரும் விதை முளைக்கும். விரிப்பின் மேல் களை எடுக்கும் நிலை வரும். நாய் வளர்க்கும் வீட்டில் மூத்திர நாற்றத்தைப் போக்கத் தினமும் கழுவ வேண்டும். உயிருள்ள மண்ணில் அந்த வேலையை நுண்ணுயிர்கள் செய்துவிடும்.

வெப்பமும் நுண்பிளாஸ்டிக்கும்

செயற்கைப் புல்லுக்கு எதிராக உலகமெங்கும் சொல்லப்படும் இரண்டு குற்றச்சாட்டுகளையும் அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. முதலாவது வெப்பம். நேரடி வெயிலில் இதன் மேற்பரப்பு இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும் என்பது உறுதியான உண்மை. சென்னையிலோ மதுரையிலோ மொட்டை மாடியில் விரித்தவர்களுக்கு இது தெரியும். தேவர்சோலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது பிரச்சினையே இல்லை. பிப்ரவரி, மார்ச் நண்பகலில் குழந்தை வெறுங்காலோடு ஓட முடியாது என்பதோடு இந்தக் குற்றச்சாட்டை முடிக்கலாம்.

இரண்டாவது நுண்பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்த கட்டுப்பாடு செயற்கை மைதானங்களில் நிரப்பப்படும் ரப்பர், பிளாஸ்டிக் குருணைகளைக் குறிவைத்தது. எட்டு ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு, 2031 முதல் அவற்றை விற்கத் தடை. வீட்டு முற்றத்தில் போடுவது பெரும்பாலும் சிலிகா மணல் என்பதால் இந்தத் தடையை வீட்டுப் புல்லுக்கு எதிரான ஆதாரமாகக் காட்டுவது நேர்மையல்ல. வெயிலில் நைந்து ஒடியும் நார்த்துணுக்குகளே வீட்டுப் புல்லின் உண்மையான குற்றம். பெருமழை அவற்றைக் கால்வாய்க்கும், கால்வாய் ஓடைக்கும் கொண்டுபோகும். அளவு சிறிது. ஆனால் பல ஆறுகள் பிறக்கிற மலையில் அதைப் புறக்கணிக்கவும் முடியாது.

ஆயுள் முடிந்த பிறகு

நல்ல பொருள் பத்து ஆண்டு உழைக்கலாம். அதன் பிறகு? நார் பாலிஎத்திலீன், அடித்துணி பாலிப்ரொப்பிலீன், அதைப் பிடித்து வைக்கும் பூச்சு லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன், இடுக்கெல்லாம் மணல். ஒன்றோடொன்று ஒட்டிய இந்தப் பொருள்களைப் பிரித்து மறுசுழற்சி செய்வது பெருநகரத்திலேயே அரிது. தேவர்சோலைப் பேரூராட்சியின் குப்பை வண்டி 500 சதுர அடி ரோலை எங்கே கொண்டுபோகும்? ஓரத்தில் போட்டால் யானையும் மானும் நடக்கும் காட்டின் விளிம்பு. எரித்தால் புகை நம் மூச்சுக்குள்.

பிளாஸ்டிக்கை விலக்குவதில் நாட்டுக்கே முன்னோடி நீலகிரி. மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் முன்னெடுத்த இயக்கம் இன்றும் பேசப்படுகிறது. மலையேறும் வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பறிமுதல் செய்கிறார்கள். பாட்டிலைத் தடுக்கும் மாவட்டத்தில் செயற்கைப் புல்லுக்குச் சட்டத் தடை இல்லை. சட்டம் சொல்லாவிட்டாலும், அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் கவலை இதற்கும் பொருந்தும்.

அதே செலவில் உயிருள்ள புல்

செயற்கைப் புல் வெற்றி பெறத் தேவையானவை கூரைத் தண்ணீரைப் பிரித்தல், வாட்டம், துளையிட்ட குழாய், வெளியேறும் வழி. இவை நான்கும் அமைந்த முற்றத்தில் உயிருள்ள புல்லும் பிடிக்கும். அதாவது செயற்கைப் புல்லை நிற்க வைக்கும் வேலையே அதன் தேவையை நீக்கிவிடுகிறது. இரண்டு யூனிட் கல்லை முற்றம் முழுக்கக் கொட்டுவதற்குப் பதில், மேல்பக்க ஓரத்திலும் நடைபாதையிலும் மட்டும் ஜல்லி வாய்க்கால் அமைத்தால் போதும். மிச்சப் பணத்தில் மேல்மண்ணை மீட்கலாம்.

முதலில் மண்ணைக் கேட்க வேண்டும். ஓர் அடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு முறை ஊற விட்டு, மறுபடி நிரப்பி அளக்க வேண்டும். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் மண் நன்றாக இருக்கிறது. அரை அங்குலத்துக்கும் குறைவு என்றால் குழாய் தேவை. வெட்டிய பக்கம், நிரப்பிய பக்கம் இரண்டிலும் குழி வெட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இறுகிய மண்ணை ஆறு அங்குலம் கொத்திப் புரட்டி, மூன்று அங்குலத்துக்கு மக்கிய தொழுவுரமோ இலைமக்கோ கலக்க வேண்டும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் இளகும் என்பது பரவலான நம்பிக்கை. குறைந்த மணல் களியோடு சேர்ந்து இன்னும் இறுகவே செய்யும். ஜிப்சமும் இங்கே உதவாது. அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து. நம் மண் புளிப்பு மண். நர்சரிகளில் பஃபலோ கிராஸ் என்று கிடைக்கும் அகன்ற இலைப் புல் புளிப்பையும் நிழலையும் மழையையும் தாங்கும். வெயில் முழுதாக விழும் இடத்துக்கு அருகம்புல் போதும். சரிவின் விளிம்பில் வெட்டிவேர். அதன் வேர் ஆழமாக நேரே இறங்கி மண்ணைப் பிடிக்கும். நீலகிரிச் சாலையோரச் சரிவுகளைக் காக்க நெடுஞ்சாலைத்துறையே மண்ணில் கம்பி அடித்து, வலை போர்த்தி, அதன் மேல் புல் வளர்க்கிறது. மேல்மண்ணைப் பிடிக்கும் பொறுப்பை வேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாருக்கு வேர் இல்லை.

இதற்கும் குறைகள் உண்டு. ஓராண்டு பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில் வெட்ட வேண்டும். கோடையில் பழுப்பாகும், ஆனால் முதல் மழைக்கு மீண்டும் துளிர்க்கும். எல்லோரும் நடக்கும் வழியில் எந்தப் புல்லும் நிற்காது, அங்கே கல் பதிக்க வேண்டும்.

தீர்ப்பு

வடிகால் இல்லாத புதுவீட்டு முற்றத்தில் செயற்கைப் புல் விரிப்பது, தேவர்சோலை போன்ற மழைமலையில், தவறான முடிவு. வடிகால் உள்ள முற்றத்தில் அது தேவையற்ற முடிவு. சரிவில் மண் நிரப்பி எழுப்பிய முற்றமாக இருந்தால், வடிகாலே இல்லாமல் விரிப்பது ஆபத்தான முடிவு.

விலக்குகள் மூன்று. கூரைக்கடியில் இருக்கும் சிட்-அவுட், பால்கனி, மாடம். வெயிலே விழாத, சுவர்களுக்கிடையே அகப்பட்ட சிறு துண்டு நிலம். சக்கர நாற்காலியில் வாழ்பவருக்கோ தள்ளாடும் முதியவருக்கோ சமமான, சேறில்லாத சிறிய தளம் தேவைப்படும் வீடு. இங்கெல்லாம் ரோல் வாங்குங்கள். நூறு சதுர அடிக்குள் நிறுத்துங்கள். அடிப்பூச்சு என்ன, துளைகள் எத்தனை நெருக்கம், பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு வரிசை இதுதான். வீடு கட்டத் தொடங்கும் நாளிலேயே மேல்மண்ணைத் தனியே குவித்து மூடி வைக்கச் சொல்லுங்கள். கூரைத் தண்ணீரை முற்றத்தில் விழவிடாதீர்கள். தடுப்புச்சுவரில் நீர் கசியும் துளைகள் இருக்கின்றனவா என்று மேஸ்திரி இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். நிரப்பிய மண் ஒரு முழு மழைக்காலம் அமிழட்டும். அதுவரை நடக்கும் வழியில் மட்டும் ஜல்லி போதும். அதன் பிறகு புல் நடுங்கள். ரோலுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் வடிகாலுக்குக் கொடுங்கள்.